சுட்டும் விரலும் அழுத்தும் விரலும்

மடிக்கணினியில் கர்சரை நகர்த்த இன்று பெரும்பாலும் ஒரே வழிதான் கிடைக்கிறது: கீபோர்டுக்குக் கீழே பதித்த வழுவழுப்பான ஒரு சதுரம். இடது பொத்தான், வலது பொத்தான் என்று தனியாக எதுவும் கிடையாது. சதுரத்தையே அழுத்தினால் க்ளிக், இரண்டு விரல் வைத்து அழுத்தினால் வலது க்ளிக். பதினைந்து, இருபது வருடங்களுக்கு முன்பு வந்த லேப்டாப்களில் டச்பேடுக்கு அடியில் இரண்டு பொத்தான்கள் இருந்தன, சிலவற்றில் மூன்று. அவை ஏன் போயின, போனதில் என்ன இழந்தோம், இன்றும் சிலர் அந்தப் பொத்தான்களுக்காகவே ஒரு மாடலைத் தேடி வாங்குவது ஏன் என்பதைப் பார்க்க வேண்டும். பழையதன் மேல் உள்ள பாசம் என்று இதை ஒதுக்கிவிடுகிறவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. இந்த விஷயத்தில் கையின் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. அதைச் சோதனையில் வைத்து அளக்கவும் முடியும்.

சுட்டுவதை அளக்கும் வேலை கணினிக்கு முன்பே தொடங்கிவிட்டது. கை ஓர் இலக்கைச் சென்றடைய எவ்வளவு நேரம் எடுக்கும் என்பதற்கு அமெரிக்க உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் ஒரு வாய்பாடு தந்தார். இலக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு சிறியது என்ற இரண்டும் தெரிந்தால் நேரத்தைக் கணித்துவிடலாம். அவர் சோதித்தது கையில் பிடித்த குச்சியால் உலோகத் தகடுகளைத் தட்டுவதை. அதே வாய்பாடு கர்சருக்கும் பொருந்தும் என்று பின்னால் தெரிந்தது. டக்ளஸ் எங்கல்பார்ட்டின் யோசனைப்படி பில் இங்கிலிஷ் 1964-இல் மரக்கட்டையில் முதல் மௌஸைச் செய்தார். அதே பில் இங்கிலிஷும் ஸ்டூவர்ட் கார்டும் பெட்டி பர்ரும் 1978-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மௌஸ், அசையாமல் அழுத்தத்தை மட்டும் உணரும் ஜாய்ஸ்டிக், கர்சரை நகர்த்தும் இரண்டு வகை விசைகள் ஆகிய நான்கையும் ஒப்பிட்டதில் வேகத்திலும் பிழையின்மையிலும் மௌஸ் முந்தியது.

ஆனால் வேகம் மட்டுமே கேள்வி அல்ல. மௌஸ் ஏன் கைக்கு இவ்வளவு இசைகிறது என்பதற்குச் சிறந்த விளக்கத்தை 1990-இல் கனடா ஆய்வாளர் பில் பக்ஸ்டன் தந்தார். சுட்டும் கருவி எதுவானாலும் அதற்கு மூன்று நிலைகள் இருக்கலாம் என்றார் அவர். கருவி நம்மை உணராமல் இருப்பது ஒரு நிலை. கர்சர் நம்மோடு நகர்வது அடுத்தது. எதையோ பிடித்துக்கொண்டு நகர்வது மூன்றாவது. மௌஸுக்கு இரண்டாவதும் மூன்றாவதும் உண்டு: நகர்த்தினால் கர்சர் நகரும், பொத்தானைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினால் கோப்பும் கூடவே வரும். தொடுபரப்புக்கு இயல்பாக உள்ளவை முதல் இரண்டும்தான். விரல் இருக்கிறது, அல்லது இல்லை. மூன்றாவது நிலையை அதற்கு வெளியிலிருந்துதான் கொண்டுவர வேண்டும். டச்பேடுக்குக் கீழே இருந்த அந்தச் சாதாரணப் பிளாஸ்டிக் பொத்தான்கள் செய்த வேலை இதுதான். இந்த ஒரு விளக்கத்தை மனதில் வைத்துக்கொண்டால், பிறகு நடந்த எல்லா மாற்றங்களையும் எடைபோட்டுவிடலாம்.

மடிக்கணினிக்கு மேசை கிடையாது என்பதுதான் முதல் சிக்கல். மடியில் வைத்தாலும் ரயிலில் வைத்தாலும் மௌஸ் உருட்ட இடமில்லை. ஆப்பிள் 1989-இல் வெளியிட்ட மேகிண்டாஷ் போர்ட்டபிளில் ஒரு டிராக்பால் இருந்தது. அதைக் கழற்றி கீபோர்டின் இடப்பக்கமோ வலப்பக்கமோ மாட்டிக்கொள்ளலாம். அதே நிறுவனத்தின் 1991 பவர்புக்கில் பந்து நடுவுக்கு வந்தது. கீபோர்டைத் திரைப்பக்கமாகத் தள்ளி, முன்னால் மணிக்கட்டு வைக்க இடம் விட்டு, அந்த இடத்தின் நடுவில் பந்தைப் பதித்தார்கள். இன்று எல்லா லேப்டாப்புக்கும் இருக்கும் அமைப்பு அங்கே உறுதிப்பட்டதுதான். ஹெச்பியின் 1993 ஆம்னிபுக் 300-இல் ஒரு குட்டி மௌஸ் பக்கவாட்டிலிருந்து வெளியே துருத்திக்கொண்டு வரும். அது நீடிக்கவில்லை. டிராக்பாலும் நீடிக்கவில்லை. அடியில் உள்ள உருளைகளில் தூசும் எண்ணெய்ப் பிசுக்கும் ஏறிவிடும், பந்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பந்து அடங்குவதற்கு ஆழமும் வேண்டும்; ஒல்லியாகிக்கொண்டு வந்த இயந்திரங்களில் அந்த ஆழம் இல்லாமல் போயிற்று.

இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்தது டிராக்பாயிண்டின் கதை. கீபோர்டில் ஜி, ஹெச், பி எழுத்துகளுக்கு நடுவே நிற்கும் அந்தச் சிவப்புக் குமிழ். ஐபிஎம்மில் இதை உருவாக்கியவர் டெட் செல்கர். கூட உழைத்தவர் ஜோசப் ரட்லெட்ஜ். தட்டச்சு செய்கிறவர் கையை எடுத்து மௌஸுக்குக் கொண்டுபோய்த் திரும்பவும் கீபோர்டில் ஊன்றும் நேரம் வீணாகிறது என்பது செல்கருக்கு உறுத்தலாக இருந்தது. கார்ட், மொரன், நியுவெல் மூவரும் எழுதிய மனித – கணினி உறவு பற்றிய நூலில் ஒருமுறை கை மாறுவதற்கு 0.4 வினாடி என்று கணக்கு வைத்திருந்தார்கள். ஒருமுறைக்கு இது ஒன்றுமில்லை. ஒரு பக்கத்தைத் திருத்தும்போது எத்தனை முறை கை போய் வருகிறது என்று கவனித்தால் செல்கரின் உறுத்தல் புரியும்.

1978 ஆய்வில் தோற்றுப்போன ஜாய்ஸ்டிக்கும் இதே இனம்தான் என்பதை மறக்கக்கூடாது. குமிழ் நகராது. விரல் எந்தப் பக்கம், எவ்வளவு விசையோடு தள்ளுகிறது என்பதை அடியில் உள்ள உணரிகள் கண்டுகொள்ளும். விசைக்கு ஏற்றபடி கர்சரின் வேகம் கூடும். தோற்ற கருவியை வேலை செய்ய வைத்தது விசைக்கும் வேகத்துக்கும் இடையே அவர்கள் அமைத்த உறவு. மெல்லத் தொட்டால் கர்சர் ஊர்ந்து போகும், நடுத்தர விசைக்கு ஒரே சீராகப் போகும், இன்னும் தள்ளினால் பாயும், ஆனால் கண் பின்தொடர முடியாத வேகத்துக்குப் போகாது. செல்கரும் ரட்லெட்ஜும் இதைப் பற்றி எழுதிய ஆய்வு வெளியானதும் 1990-இல், பக்ஸ்டனின் கட்டுரை வாசிக்கப்பட்ட அதே இண்டராக்ட் மாநாட்டில்தான். இரண்டு வருடம் கழித்து, 1992 அக்டோபரில், திங்க்பேட் 700சி அந்தக் குமிழோடு கடைக்கு வந்தது. சிவப்பு நிறத்துக்கும் ஒரு கதை சொல்வார்கள்: ஐபிஎம்மின் பாதுகாப்பு விதிகளில் சிவப்பு அவசர நிறுத்தப் பொத்தானுக்கு மட்டுமே உரியது என்பதால், வடிவமைப்பாளர் ரிச்சர்ட் சாப்பரின் குழு அந்த நிறத்துக்கு மெஜந்தா என்று பெயர் கொடுத்து ஒப்புதல் வாங்கியதாம்.

குமிழை விட முக்கியமானது அதன் பொத்தான்கள் இருந்த இடம். ஸ்பேஸ் பாருக்கு நேர் கீழே, கட்டைவிரல் ஏற்கனவே நிற்கும் இடத்தில் அவை இருந்தன. ஆள்காட்டி விரல் சுட்டும், கட்டைவிரல் அழுத்தும். இரண்டு வேலைக்கும் இரண்டு விரல்கள், அதுவும் கை எங்கும் நகராமல். பின்னால் நடுப்பொத்தானும் சேர்ந்தது; அதைப் பிடித்துக்கொண்டு குமிழைத் தள்ளினால் பக்கம் உருளும். குறைகளும் உண்டு. குமிழை ஒரே திசையில் மெல்ல அழுத்திக்கொண்டே இருந்தால் மென்பொருள் அதையே ஓய்வு நிலை என்று எடுத்துக்கொள்ளும், விரலை எடுத்ததும் கர்சர் எதிர்ப்பக்கமாகத் தானே நகரத் தொடங்கும். பழகவும் சில நாட்கள் ஆகும். முதல் ஐந்து நிமிடத்தில் கடையில் தொட்டுப் பார்க்கிறவருக்கு அது பிடிக்காது. விற்பனையில் இந்த ஐந்து நிமிடம் பெரிய விஷயம்.

அந்த ஐந்து நிமிடத்தில் ஜெயித்தது டச்பேட். ஜார்ஜ் கெர்ஃபைடு எண்பதுகளின் இறுதியில் உருவாக்கிய மின்தேக்குத் தொழில்நுட்பத்தை அவருடைய சிர்க் நிறுவனத்திடம் உரிமம் பெற்று, ஆப்பிள் 1994-இல் பவர்புக் 500 வரிசையில் பதித்தது. பரப்புக்கு அடியில் மின்முனைகள் வலைபோல் ஓடுகின்றன. விரல் நெருங்கும்போது அந்த இடத்தின் மின்தேக்கு அளவு மாறுகிறது. மாறிய இடம்தான் விரலின் இடம். அசையும் பாகம் இல்லை, தூசு நுழைய வழி இல்லை, யாரும் சொல்லித்தராமலே பழகிக்கொள்ளலாம். ஈர விரலைக் கண்டால் மட்டும் தடுமாறும். சித்திரை வெயிலில் மின்விசிறி நின்றுபோன அறையில் லேப்டாப்போடு உட்கார்ந்தவர்களுக்கு, கர்சர் துள்ளித் துள்ளி ஓடுவதும் துணியால் விரலைத் துடைத்துக்கொள்வதும் பழக்கமானவைதான். அழுத்தத்தை மட்டும் உணரும் குமிழுக்கு வியர்வை ஒரு பொருட்டில்லை.

அந்த முதல் டச்பேடுகளுக்குப் பொத்தான் இருந்தது. ஆப்பிளில் ஒன்று, மற்றவர்களிடம் இரண்டு. 2005-இல் பவர்புக்கில் இரண்டு விரலால் பக்கத்தை உருட்டும் வசதி வந்தது. விரல் அசைவுகள் பெருகப் பெருக, பரப்பு பெரிதாக வேண்டியிருந்தது. 2008 அக்டோபரில் அலுமினியக் கட்டியில் குடைந்த மேக்புக் வந்தபோது தனிப் பொத்தான் போய்விட்டது. கண்ணாடிப் பரப்பு முழுவதுமே பொத்தான். சில வருடங்களில் மற்ற நிறுவனங்களும் அந்த வழிக்கு வந்தன.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். தனிப் பொத்தான்களை எடுத்துவிட்டால் இரண்டு மூன்று விசைகளுக்குப் பதில் ஒன்றே போதும். உடலில் ஓட்டைகள் குறையும். அதே இடத்தில் பரப்பைப் பெரிதாக்கலாம்; மூன்று விரல், நான்கு விரல் அசைவுகளுக்கு அந்தப் பெரிய பரப்பு உண்மையிலேயே உதவுகிறது. நீண்ட கட்டுரையை இரண்டு விரலால் உருட்டிப் படிப்பதும், படத்தைக் கிள்ளி விரிப்பதும் பழைய பொத்தான் காலத்தில் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. வாசிப்பதும் பார்ப்பதுமே பெரும் வேலையாக உள்ளவருக்கு இந்த மாற்றத்தில் லாபமே.

இழப்பு எங்கே என்றால், அழுத்தும் கணத்தில். கர்சரை ஒரு சிறிய பெட்டியின் மேல் கொண்டுவந்து நிறுத்துகிறோம். இப்போது அழுத்த வேண்டும். சுட்டிய விரலே அழுத்தவும் வேண்டியிருப்பதால், அழுத்தும்போது விரல்நுனி தட்டையாகிப் பரவுகிறது, கருவி கணிக்கும் மையம் ஓரிரு புள்ளி நகர்கிறது, கர்சரும் நகர்கிறது. மென்பொருள் இதை ஊகித்துத் தடுக்கப் பார்க்கும், எப்போதும் வெல்வதில்லை. கோப்பை இழுத்துப் போடுவது இன்னும் கடினம். அழுத்தத்தை விடாமல் அதே விரலைத் தேய்த்துக்கொண்டு போக வேண்டும். அழுத்தினால் உராய்வு கூடும், உராய்வு கூடினால் அசைவு திக்கும், அசைவுக்காக அழுத்தத்தைத் தளர்த்தினால் கோப்பு வேறெங்கோ விழும். பரப்பின் ஓரம் வந்துவிட்டால் விரலை எடுத்து மறுபடி வைக்கவும் முடியாது. தனிப் பொத்தான் இருந்தால் இடது கை அதைப் பிடித்துக்கொள்ளும், வலது விரல் எத்தனை முறை வேண்டுமானாலும் தூக்கித் தூக்கி வைத்துக்கொள்ளும். பக்ஸ்டன் சொன்ன மூன்றாவது நிலை அங்கே வேறொரு கையின் பொறுப்பு.

மேல் விளிம்பில் கீல் வைத்த டச்பேடுகளில் இன்னொரு தொல்லை: கீழ்ப்பாகம் எளிதாக அழுந்தும், மேல்பாகம் அழுந்தவே அழுந்தாது. ஒரே பரப்பில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு பலம் தேவைப்படும். கட்டைவிரலைக் கீழே ஊன்றி வைத்துக்கொள்ளும் பழக்கமும் ஆபத்தாகிறது, ஏனென்றால் பரப்புக்கு அது இன்னொரு விரல். லினக்ஸில் தொடுகருவிகளைக் கையாளும் லிப்இன்புட் மென்பொருள், ஊன்றிய கட்டைவிரலையும் தவறிப்படும் உள்ளங்கையையும் பிரித்தறிவதற்கென்றே தனி விதிகள் வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் பொத்தானுக்கு அப்படி எதையும் ஊகிக்க வேண்டிய அவசியமே இருந்ததில்லை. பழுது பார்க்கிறவர்கள் அறிந்த ஒன்றும் உண்டு: டச்பேட் திடீரென்று அழுந்த மறுத்தால் அடியில் இருக்கும் பேட்டரி உப்பியிருக்கலாம். அப்படியிருந்தால் உடனே கழற்றிவிட வேண்டும்.

சந்தையில் இந்த இழப்புக்கு வெளிப்படையான சாட்சி 2013 முதல் 2015 வரை கிடைத்தது. திங்க்பேட் வணிகம் அதற்குள் லெனோவோவிடம் போயிருந்தது. டி440, எக்ஸ்240 மாடல்களில் குமிழை வைத்துக்கொண்டு அதற்கான மூன்று தனிப் பொத்தான்களையும் எடுத்துவிட்டார்கள். டச்பேடின் மேல் விளிம்பையே பொத்தானாக அழுத்தச் சொன்னார்கள். குமிழைப் பயன்படுத்துகிறவரின் கட்டைவிரல் அசையாத பொத்தானின் விளிம்பைத் தடவி அறிந்திருந்தது. இப்போது அங்கே வெறும் சமதளம், அதுவும் மொத்தமாக அமிழ்கிற சமதளம். இடது எங்கே முடிகிறது, நடு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குத் தெரியவில்லை. பல வருடமாக அதே வரிசையை வாங்கிவந்தவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2015-இல் டி450, எக்ஸ்250 மாடல்களில் மூன்று பொத்தான்களும் திரும்பி வந்தன. எக்ஸ்1 கார்பனில் செயல்விசைகளுக்குப் பதிலாக 2014-இல் வைத்த தொடுபட்டையும் மறுவருடமே போயிற்று. ஆப்பிளிலும் 2016-இல் அதே இடத்தில் வந்த டச் பார் 2021-இன் புதிய மேக்புக் ப்ரோக்களில் இல்லை. அதற்கு முன்பே, 2019-இல், எஸ்கேப் விசையைத் தனியே திருப்பித் தர வேண்டியிருந்தது.

இதுவரை சொன்னதை வைத்துப் பொத்தானே வெல்லும் என்று முடித்துவிட முடியாது. எதிர்ச்சாட்சி ஒன்று இருக்கிறது, வலுவானது. ஸ்காட் மெக்கன்ஸியும் அலெக்ஸ் ஒனிஷ்சாக்கும் 1998-இல் டச்பேடில் தேர்வு செய்யும் மூன்று முறைகளை 12 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். தனிப் பொத்தான், விரலைத் தூக்கித் தட்டுவது, பரப்பை அழுத்தியதும் உள்ளே ஒரு மின்காந்தம் விரலில் சொடுக்கை உணர்த்துவது என்று மூன்று. சொடுக்கை உணர்த்திய பரப்பு, தட்டுவதை விட 20 சதவீதமும் தனிப் பொத்தானை விட 46 சதவீதமும் வேகமாக இருந்தது. பங்கேற்றவர்களும் அதையே விரும்பினார்கள். பிழைகள் மட்டும் அதில் கூடின; முன்மாதிரியின் குறைபாடே காரணம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். பொத்தானுக்குக் கை போய் வரும் நேரம் வேகத்தைக் குறைக்கும் என்பது இயல்புதான். செல்கர் கவலைப்பட்டதும் இதே நேரத்தைத்தான், வேறோர் இடத்தில்.

அந்த முன்மாதிரியின் வழித்தோன்றல் 2015-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஃபோர்ஸ் டச். பரப்பு அமிழ்வதே இல்லை. அழுத்தத்தை உணரிகள் அளக்கின்றன, மின்காந்தம் பரப்பைப் பக்கவாட்டில் மிக நுட்பமாக உதறுகிறது, விரல் அதைக் கீழே அமிழ்ந்ததாக உணர்கிறது. கணினியை முழுவதும் அணைத்துவிட்டு அழுத்திப் பார்த்தால் கல்லைத் தொடுவதுபோல் இருக்கும். இதனால் கீல் சிக்கல் தீர்ந்தது. மேலும் கீழும் எங்கும் ஒரே பலம் போதும். க்ளிக் செய்வது மட்டுமே கேள்வி என்றால் இது நல்ல விடை என்பதே என் கருத்து. ஆனால் 1998 ஆய்வு அளந்தது சுட்டித் தேர்வு செய்வதை. பிடித்து இழுப்பதை அல்ல. சுட்டும் விரலும் அழுத்தும் விரலும் ஒன்றாகவே இருக்கும்வரை, எத்தனை நேர்த்தியான அதிர்வு வந்தாலும் இழுக்கும்போது உராய்வு இருக்கத்தான் செய்யும்.

இழுப்பதைப் பற்றி வேறோர் ஆய்வு உண்டு. 1991-இல் மெக்கன்ஸி, அபிகேல் செல்லன், பக்ஸ்டன் மூவரும் மௌஸ், எழுதுகோல், டிராக்பால் மூன்றையும் ஒப்பிட்டார்கள். எல்லாக் கருவிகளிலும் இழுப்பது சுட்டுவதை விடச் சிரமமாக இருந்தது. மிக மோசமாகச் சரிந்தது டிராக்பால். பந்தை உருட்டும் கையின் கட்டைவிரலே பொத்தானையும் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், ஒன்று மற்றதை இழுக்கும். ஆகவே பொத்தான் தனியே இருப்பது மட்டும் போதாது. சுட்டும் தசையைத் தொந்தரவு செய்யாத இடத்தில் இருக்க வேண்டும். டச்பேடின் பொத்தானை இன்னொரு கை எட்டலாம். குமிழின் பொத்தானில், குமிழைத் தள்ளும் விரல் நகராமல் அழுத்தம் மட்டுமே கொடுப்பதால் கட்டைவிரலோடு மோதல் குறைவு.

மடிக்கணினியைத் தாண்டியும் இதே வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அங்கே விளைவுகள் பெரியவை. 2022-இல் ஸ்வீடனின் வி பிலேகரே இதழ் கார்களைச் சோதித்தது. மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வானொலி மாற்றுவது, வெப்பம் கூட்டுவது போன்ற வேலைகளைச் செய்யச் சொன்னார்கள். பொத்தான்கள் நிறைந்த 2005 வோல்வோவில் அவை 10 வினாடியில் முடிந்தன. தொடுதிரை வைத்த கார்களில் மிக மோசமானதில் 44.6 வினாடி ஆயிற்று. 2017 ஆகஸ்டில் சிங்கப்பூர் அருகே அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். விசாரணை குறை கண்டவற்றில் தொடுதிரைக் கட்டுப்பாடும் ஒன்று. வேகக் கட்டுப்பாட்டுக்குக் கைப்பிடிகளைத் திரும்பவும் பொருத்தக் கடற்படை முடிவு செய்தது. கண் வேறிடத்தில் இருக்கும்போது விரலுக்குத் தானே வழி தெரிய வேண்டும். கீபோர்டில் எஃப், ஜே விசைகளின் மேல் ஒரு சிறு மேடு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

கை நடுக்கம் உள்ளவர்களைப் பற்றி இந்த விவாதத்தில் போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் வருத்தம். லேசாகத் தட்டினாலே க்ளிக் ஆகும் பரப்பு, நடுங்கும் விரலுக்கு நிம்மதி தராது, நினைக்காததெல்லாம் திறக்கும். உறுதியாக அழுத்தினால் மட்டுமே வேலை செய்யும் தனிப் பொத்தான் அவர்களுக்கு ஆடம்பரம் அல்ல. பொத்தான் தேவைப்படுகிறவர்கள் இன்னும் உண்டு. முப்பரிமாண வரைபட வேலை செய்கிற பொறியாளருக்கு நடுப்பொத்தானைப் பிடித்துக்கொண்டு உருவத்தைச் சுழற்ற வேண்டும். அதனால்தான் டெல் பிரிசிஷன், ஹெச்பி இசட்புக் போன்ற வரிசைகளில் மூன்று பொத்தான்கள் மற்றவற்றை விட அதிக காலம் தங்கின. லினக்ஸில் தேர்ந்தெடுத்த எழுத்தை நடுப்பொத்தானால் ஒட்டும் வழக்கம் எக்ஸ் விண்டோ காலத்திலிருந்து வருவது; அதற்குப் பழகியவர்களும் இந்தப் பட்டியலில் உண்டு. பெர்லினில் உருவான எம்என்டி ரீஃபார்ம் என்ற திறந்த வடிவமைப்பு மடிக்கணினியில் டச்பேடோ, பொத்தான்கள் சூழ்ந்த டிராக்பாலோ எது வேண்டுமோ அதைப் பொருத்திக்கொள்ளலாம். பெரிய நிறுவனங்கள் போகும் திசை வேறு: 2022-இன் திங்க்பேட் இசட்13-இல் குமிழின் பொத்தான்கள் அதிர்வுப் பரப்புக்குள் போய்விட்டன, 2025-இல் வந்த எக்ஸ்9-இல் குமிழே இல்லை.

எல்லா லேப்டாப்புக்கும் பொத்தான் வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வேலைக்கென்று விற்கும் வரிசைகளிலாவது அந்தத் தேர்வு இருக்க வேண்டும். வாங்கப் போகிறவர் கடையில் பக்கத்தை உருட்டிப் பார்ப்பதோடு நிறுத்திவிடக்கூடாது. ஒரு கோப்பைத் திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு இழுத்துப் போட்டுப் பாருங்கள். பத்தியின் நடுவில் ஒரே ஓர் எழுத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். டச்பேடின் மேல் மூலையில் அழுத்திப் பாருங்கள். கட்டைவிரலைக் கீழே ஊன்றியபடி இதையெல்லாம் இன்னொரு முறை செய்யுங்கள். வீட்டில் கை நடுங்கும் பெரியவர் பயன்படுத்தப் போகிறார் என்றால், அவரையும் அழைத்துப் போய் அவர் கையாலேயே செய்யச் சொல்லுங்கள்.